எத்தியேன் ஜொஃப்ருவா சான் இலேர்

எத்தியேன் ஜொஃப்ருவா சான் இலேர் (ஏப்ரல் 15, 1772 - ஜூன் 19, 1844) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த புகழ் பெற்ற விலங்கியல் அறிஞர் ஆவார். முதுகெலும்பு கொண்ட விலங்குகள் அனைத்தும் ஒரே அடிப்படை அமைப்பின் வேறுபட்ட வடிவங்களே என்னும் கருத்தை முன்வைத்தவர். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் அறிவியலாளராகப் பங்கேற்றார். அகழெலிகளுக்கு உறவானதும் ஓடைகளில் வாழ்வதுமான பைரெனி டெஸ்மன் என்னும் அரிய பாலூட்டியை 1811 ஆம் ஆண்டில் முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்தவரும் இவரே. தம் நண்பரும் பின்னாளில் எதிர்ப்பாளருமான ஜார்ஜ் குவியேயுடன் 1830 ஆம் ஆண்டில் இவர் நடத்திய விவாதம் உயிரியல் வரலாற்றில் முக்கியமான ஒன்றாகக் கருதப்படுகிறது.

இளமையும் கல்வியும்

ஜொஃப்ருவா பாரிஸ் நகருக்குத் தெற்கே உள்ள எத்தாம்ப் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜான் ஜெரார் ஜொஃப்ருவா ஒரு வழக்கறிஞர். மகன் கிறித்தவ குருவாக வேண்டும் என்பது குடும்பத்தினரின் விருப்பம். ஆனால் பாரிசில் உள்ள நவார் கல்லூரியில் பிரிசோன் என்னும் இயற்பியலாளரிடம் பயின்றபோது இவருடைய நாட்டம் அறிவியலின் பக்கம் திரும்பியது. பின்னர் கார்தினால் லெமுவான் கல்லூரியில் தங்கிப் படித்தார். அங்கே ஆசிரியராக இருந்த ரெனே ஜூஸ்த் அயுயி என்பவரிடம் படிகங்களைப் பற்றிக் கற்றார். அயுயி ஒரு குரு. படிகவியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். இவர்களுக்குள் ஏற்பட்ட அன்பு ஜொஃப்ருவாவின் வாழ்க்கையின் போக்கையே மாற்றியது.

1792 ஆம் ஆண்டின் நிகழ்வுகள்

பிரெஞ்சுப் புரட்சியின்போது, அரசு விதித்த உறுதிமொழியை ஏற்க மறுத்த குருமார் சிறையிடப்பட்டனர். 1792 ஆகஸ்டு மாதத்தில் அயுயியும் கைது செய்யப்பட்டார். அப்போது 20 வயது மாணவராக இருந்த ஜொஃப்ருவா, இயற்கை ஆய்வாளர் தோபாந்தோன் முதலிய அறிஞர்களை நேரில் கண்டு முறையிட்டு, தம் ஆசிரியரின் விடுதலைக்கான ஆணையைப் பெற்றார்.

செப்டம்பர் 2 ஆம் நாள் சிறைகளில் படுகொலைகள் தொடங்கின. சான் பிர்மான் என்னும் இடத்தில் அடைக்கப்பட்டிருந்த மற்ற குருமாரைக் காப்பாற்றும் நோக்கில், ஜொஃப்ருவா சிறை அதிகாரியின் வேடத்தில் உள்ளே சென்று தப்பும் வழியைச் சொன்னார். தம்முடன் இருப்பவர்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் தப்புவதற்கு அவர்கள் உடன்படவில்லை. எனினும் ஜொஃப்ருவா அன்றிரவு ஏணியுடன் மதிலருகே பல மணி நேரம் காத்திருந்தார். அந்த ஏணியின் வழியாக 12 குருமார் உயிர் தப்பினர். இதன் பின்னர் கடுமையான காய்ச்சலுற்ற ஜொஃப்ருவா, சொந்த ஊருக்குச் சென்று சில காலம் ஓய்வெடுத்தார்.

அருங்காட்சியகப் பணி

அயுயியைக் காத்த இளைஞரைத் தோபாந்தோன் மறக்கவில்லை. 1793 மார்ச் மாதத்தில், லாசெபேத் விலகியதால் காலியான துணைக் காப்பாளர் பணி, தோபாந்தோனின் முயற்சியால் ஜொஃப்ருவாவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஜூன் 10 ஆம் நாள், அரச மூலிகைத் தோட்டம் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றி அமைக்கப்பட்டு, 12 பேராசிரியர் பதவிகள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் முதுகெலும்பிகளுக்கான விலங்கியல் பதவி 21 வயதான ஜொஃப்ருவாவுக்கு வழங்கப்பட்டது. முதுகெலும்பற்ற உயிரினங்களுக்கான பதவி 48 வயதான லாமார்க்குக்குக் கிடைத்தது. அதுவரை ஜொஃப்ருவா பயின்றது கனிமவியல், லாமார்க் தாவரவியலாளர். இருவருமே தமக்குப் புதிய துறையைப் பணியில் இருந்துகொண்டே கற்றனர்.

1793 ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் தெருக்களில் விலங்குகளை வைத்து வேடிக்கை காட்டுவது தடை செய்யப்பட்டது. பறிமுதல் செய்யப்பட்ட விலங்குகளைக் காவலர்கள் அருங்காட்சியகத்தின் வாயிலுக்குக் கொண்டு வந்தனர். அவற்றைப் பேணுவதற்கு நிதியோ ஆணையோ இல்லாத நிலையிலும் ஜொஃப்ருவா ஏற்றுக்கொண்டார். அருங்காட்சியகத்தின் விலங்குக் காட்சிச்சாலை இவ்வாறு தொடங்கியது.

குவியேயுடன் நட்பு

1794 ஆம் ஆண்டில், நார்மண்டியில் ஒரு குடும்பத்தில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் குவியே என்பவரைப் பற்றி ஜொஃப்ருவா கேள்விப்பட்டார். குவியேயின் ஆய்வுக் குறிப்புகளைப் படித்து அவரைப் பாரிசுக்கு அழைத்தார். 1795 இல் குவியே அருங்காட்சியகத்தில் துணைப் பணியில் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து பாலூட்டிகளின் வகைப்பாடு உட்படப் பல கட்டுரைகளை எழுதினர்.

1796 இல் மடகாஸ்கரில் வாழும் லெமூர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், இயற்கை எல்லா உயிர்களையும் ஒரே திட்டத்தின்படியே அமைத்து, துணை உறுப்புகளில் மட்டுமே பலவாறு வேறுபடுத்தியுள்ளது என்னும் கருத்தை ஜொஃப்ருவா முதன்முதலாக வெளியிட்டார். வாழ்நாள் முழுவதும் அவர் விடாது பற்றியிருந்த கருத்து இதுவேயாகும்.

எகிப்துப் பயணம்

1798 இல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தபோது அறிவியலாளர் குழு ஒன்றையும் உடன் அழைத்துச் சென்றார். அழைப்பு இருவருக்கும் வந்தது. குவியே பாரிசிலேயே தங்கிவிட்டார், ஜொஃப்ருவா புறப்பட்டார். கெய்ரோவில் அமைக்கப்பட்ட எகிப்து ஆய்வுக் கழகத்தின் தொடக்க உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். நைல் நதியின் கழிமுகத்திலிருந்து மேல் எகிப்து வரை பயணம் செய்து மீன்கள், முதலைகள், வௌவால்கள், கல்லறைகளில் இருந்த பதப்படுத்தப்பட்ட விலங்குடல்கள் ஆகியவற்றைத் திரட்டினார். நுரையீரல் போன்ற காற்றுப்பைகளையும் தண்டு போன்ற அடிப்பகுதியுடைய துடுப்புகளையும் கொண்ட பிச்சிர் என்னும் நைல் மீனை விவரித்தவர் இவரே.

1801 இல் அலெக்சாந்திரியா நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. உடன்படிக்கையின் 16 ஆம் விதியின்படி, பிரெஞ்சு அறிஞர்கள் திரட்டிய பொருள்களையும் ஒப்படைக்க வேண்டும் என ஆங்கிலேயத் தளபதி ஹட்சின்சன் கோரினார். ஜொஃப்ருவாவும் அவருடைய தோழர்களும் இதை ஏற்கவில்லை. ஒப்படைப்பதைவிட அனைத்தையும் தாமே எரித்துவிடுவதாகவும், அலெக்சாந்திரியாவின் பழைய நூலகத்தை எரித்த பழியைப் போன்ற பழி ஆங்கிலேயரைச் சேரும் என்றும் ஜொஃப்ருவா எச்சரித்தார். முடிவில் ஆங்கிலேயர் விட்டுக்கொடுத்தனர். இயற்கை வரலாற்றுப் பொருள்கள் பிரெஞ்சு அறிஞர்களிடமே விடப்பட்டன. ரொசெட்டாக் கல் முதலிய தொல்பொருள்கள் ஆங்கிலேயர் வசமாயின.

1802 இன் தொடக்கத்தில் ஜொஃப்ருவா பாரிஸ் திரும்பினார். அவர் இல்லாத காலத்தில் குவியே பாரிசின் அறிவியல் உலகில் உயர்ந்த இடத்தைப் பெற்றிருந்தார்.

1804 இல் ஜொஃப்ருவா திருமணம் செய்துகொண்டார். மகன் இசிதோர் 1805 டிசம்பர் 16 இல் பிறந்தார். இவரும் பின்னர் விலங்கியல் அறிஞரானார். 1807 இல் ஜொஃப்ருவா அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

போர்த்துகல்

1808 இல், பிரெஞ்சுப் படைகள் போர்த்துகலைக் கைப்பற்றியிருந்தபோது, அந்நாட்டு அருங்காட்சியகங்களில் இருந்து மாதிரிகளைப் பெற்று வருமாறு நெப்போலியன் ஜொஃப்ருவாவை அனுப்பினார். லிஸ்பனில் இருந்த அஜுடா அருங்காட்சியகத்தில் இருந்து பல மாதிரிகள் பாரிசுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றுள் பல, அலெக்சாந்தர் ரொட்ரிகஸ் ஃபெரைரா என்னும் அறிஞர் 1783 முதல் 1792 வரை அமேசான் பகுதியில் அலைந்து திரட்டியவை. இவற்றைக் கொண்டு ஜொஃப்ருவா தென் அமெரிக்கக் குரங்குகள் பலவற்றுக்குப் பெயரிட்டார். ஃபெரைராவின் உழைப்புக்கு உரிய பெருமை அவருக்குக் கிடைக்காமல் போனது. அலெக்சாந்திரியாவில் வென்றவரின் உரிமையை மறுத்த ஜொஃப்ருவா, லிஸ்பனில் வென்ற தரப்பில் நின்றார் என்பது கவனிக்கத்தக்கது.

பைரெனி டெஸ்மன்

1811 இல் அருங்காட்சியகத்தின் ஆய்விதழில், மூஞ்சூறுகளையும் அவற்றை ஒத்த நீர்வாழ் விலங்குகளையும் பற்றிய கட்டுரை ஒன்றை ஜொஃப்ருவா வெளியிட்டார். பிரான்சின் தென்மேற்கில், பைரெனி மலையடிவாரத்தில் உள்ள தார்ப் நகருக்கு அருகில் கிடைத்த ஒரு சிறு விலங்கை அதில் அவர் விவரித்தார். மிகாலே பைரெனைகா என்பது அவர் இட்ட பெயர். 1829 இல் காவுப் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதற்குத் தனிப் பேரினம் அமைத்தார். இதனால் இது கலெமிஸ் பைரெனைகஸ் என்னும் பெயரைப் பெற்றது.

அதுவரை அறிவியலுக்குத் தெரிந்திருந்த டெஸ்மன் ஒன்றே ஒன்றுதான். அது ருசியாவின் வோல்கா, தோன் ஆற்றுப் படுகைகளில் வாழும் ருசிய டெஸ்மன். நீரில் வாழ்வதையும் பட்டையான வாலையும் கொண்டு, லின்னேயஸ் 1758 இல் அதைப் பீவருடன் ஒரே பேரினத்தில் சேர்த்திருந்தார். டெஸ்மன் என்னும் பெயர் கத்தூரியைக் குறிக்கும் சுவீடியச் சொல்லில் இருந்து வந்தது. வாலடியில் உள்ள சுரப்பிகளில் இருந்து வரும் மணமே இப்பெயருக்குக் காரணம். நம் வீடுகளில் திரியும் மூஞ்சூறுக்கும் இத்தகைய நெடி உண்டு.

பைரெனியில் கிடைத்தது ருசிய டெஸ்மனின் குட்டியோ வகையோ அன்று, தனி இனம் என்பதை ஜொஃப்ருவா நிறுவினார். இரண்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடுகள் வருமாறு:

- ருசிய டெஸ்மனின் எடை சுமார் 400 முதல் 500 கிராம். பைரெனி டெஸ்மனின் எடை 50 முதல் 80 கிராம் மட்டுமே.
- ருசிய டெஸ்மனின் வால் பக்கவாட்டில் தட்டையானது. பைரெனி டெஸ்மனின் வால் உருண்டையானது; நுனியில் மட்டுமே தட்டையானது.
- ருசிய டெஸ்மன் ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் வாழ்கிறது. பைரெனி டெஸ்மன் குளிர்ந்த, விரைந்தோடும் மலை ஓடைகளில் வாழ்கிறது.

பைரெனி டெஸ்மன் பிரான்ஸ், ஸ்பெயின், போர்த்துகல், அந்தோரா ஆகிய நாடுகளில் மட்டுமே காணப்படுகிறது. பின்னங்கால்கள் பெரியவை, விரல்களுக்கு இடையில் சவ்வு உண்டு, ஓரங்களில் விறைப்பான மயிர்கள் உள்ளன. கண்கள் மிகச் சிறியவை. நீண்டு வளையும் மூக்கினால் ஓடையின் அடியில் உள்ள கற்களிடையே துழாவி, நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்களைத் தேடி உண்கிறது. இந்த மூக்கின் காரணமாகப் பிரெஞ்சு மக்கள் இதை எக்காள எலி என்று பொருள்படும் பெயரால் அழைப்பதுண்டு. ஆனால் இது எலி அன்று. மூக்கின் நுனியில் ஐமர் உறுப்புகள் எனப்படும் நுண்ணிய தொடுவுணர் புடைப்புகள் உள்ளன. இவ்வுறுப்புகள் 1871 இல் அகழெலியின் மூக்கில் முதலில் கண்டறியப்பட்டவை.

டெஸ்மனின் உறவுமுறையை அறிவதற்குப் பற்களின் எண்ணிக்கை நல்ல சான்றாகும்:

- பீவர்: 20 பற்கள்
- மூஞ்சூறுகள்: 26 முதல் 32 பற்கள்
- ஐரோப்பிய அகழெலி: 44 பற்கள்
- டெஸ்மன்கள்: 44 பற்கள்

வாழும் முறையைப் பார்த்தால் டெஸ்மன் பீவருக்கு அருகில் நிற்கும். தோற்றத்தைப் பார்த்தால் மூஞ்சூறுக்கு அருகில் நிற்கும். பற்களையும் மண்டையோட்டையும் ஒப்பிட்டால் அது அகழெலியின் உறவினம் என்பது விளங்கும். இன்று டெஸ்மன்கள் அகழெலிக் குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளன. மண்ணைத் தோண்டும் அகழெலிக்கு முன்னங்கை பெருத்துள்ளது. நீரை உந்தும் டெஸ்மனுக்குப் பின்னங்கால் பெருத்துள்ளது. இரண்டிலும் உள்ள எலும்புகள் அவையேதான். அளவுகள் மட்டுமே வேறு. ஜொஃப்ருவா பின்னாளில் பொதுக் கொள்கையாக வகுத்ததற்கு இந்தச் சிறு விலங்கு தெளிவான எடுத்துக்காட்டாகும்.

முற்காலத்தில் டெஸ்மன் வகைகள் பல ஐரோப்பாவில் பரவியிருந்தன. ருசிய டெஸ்மனின் எச்சங்கள் பிரிட்டனிலும் கிடைத்துள்ளன. இன்று இந்த இரண்டு இனங்களே எஞ்சியுள்ளன. சிறு நீர்மின் அணைகள், ஓடை நீரை மடைமாற்றுதல், நீர் மாசு, அயலிலிருந்து வந்த அமெரிக்க மிங்க் ஆகியவற்றால் பைரெனி டெஸ்மனின் வாழிடம் துண்டு துண்டாகச் சுருங்கி வருகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021 இல் இதை அருகிய இனமாக மதிப்பிட்டது. ருசிய டெஸ்மன் முன்பு மென்மயிருக்காகப் பெருமளவில் வேட்டையாடப்பட்டது. பின்னர் மீன் வலைகளில் சிக்கி மடிவது அதற்குப் பேராபத்தாக ஆனது. 2023 இல் அது மிக அருகிய இனமாக மதிப்பிடப்பட்டது.

அமைப்பு ஒருமைக் கொள்கை

1818 இல் ஜொஃப்ருவாவின் முதன்மை நூலான உடற்கூற்றியல் தத்துவத்தின் முதல் தொகுதி வெளிவந்தது. இரண்டாம் தொகுதி 1822 இல் வெளிவந்தது. இந்நூலில் அவர் கையாண்ட கொள்கைகளுள் இரண்டு முக்கியமானவை.

- இணைப்புக் கொள்கை: ஓர் உறுப்பின் வடிவமும் பணியும் விலங்குக்கு விலங்கு மாறலாம்; ஆனால் அது எந்த உறுப்புகளுடன் இணைந்துள்ளது என்பது மாறுவதில்லை. ஆகவே ஒப்பிடும்போது வடிவத்தை விட்டுவிட்டு இணைப்பைப் பார்க்க வேண்டும்.
- ஈடுசெய் கொள்கை: ஓர் உறுப்பு மிகப் பெருத்தால் அதற்கு ஈடாக வேறோர் உறுப்பு சிறுத்துவிடும்.

மனிதனின் கை, வௌவாலின் இறகு, திமிங்கிலத்தின் துடுப்பு, அகழெலியின் தோண்டும் கை ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டால், பணி நான்கும் வேறு. ஆனால் தோளில் இருந்து வரிசையாகச் சென்றால் அதே எலும்புகள் அதே வரிசையில் வருவதைக் காணலாம். உயிரியலில் இன்று அமைப்பொத்த உறுப்புகள் எனக் கூறப்படும் கருத்துக்கு இதுவே அடித்தளம். 1843 இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு ஓவன் இதற்குத் திட்டமான வரையறை தந்தார்.

இக்கொள்கையைக் கையாளும்போது ஜொஃப்ருவா சில இடங்களில் எல்லை மீறினார். மீன்களின் செவுள்மூடி எலும்புகளே பாலூட்டிகளின் காதுக்குள் உள்ள சிற்றெலும்புகள் என்று அவர் கருதியது தவறு எனப் பின்னர் தெரிந்தது. அச்சிற்றெலும்புகளுள் இரண்டு தாடைப் பகுதியில் இருந்து வந்தவை என ரைகெர்ட் 1837 இல் காட்டினார்.

பிறவிக் குறைபாடுகளையும் ஜொஃப்ருவா ஆராய்ந்தார். அவை தெய்வக் குற்றத்தாலோ தற்செயலாலோ தோன்றுபவை அல்ல. வளர்ச்சி ஏதோ ஒரு நிலையில் தடைப்படுவதால் தோன்றுபவை என்றார். கோழி முட்டைகளின் வளர்ச்சியைப் பலவாறு தடைசெய்து சோதனைகளும் செய்தார். இத்துறையை மகன் இசிதோர் தனி அறிவியலாக வளர்த்தார்.

1830 ஆம் ஆண்டு விவாதம்

குவியேயின் பார்வை இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு விலங்கும் அதன் வாழ்க்கைக்கு என்ன தேவையோ அதற்கேற்பவே அமைந்துள்ளது என்பது அவர் கருத்து. விலங்குலகத்தை முதுகெலும்பிகள், மெல்லுடலிகள், கணுவுடலிகள், ஆரச்சமச்சீர் உயிரிகள் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 4 பெரும் பிரிவுகளாக அவர் பிரித்திருந்தார். முதுகெலும்பிகளுக்குள் மட்டும் ஒற்றுமையைத் தேடியவரை குவியேயால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் 1822 இல் சிங்கி இறாலை மல்லாக்காகத் திருப்பிப் பார்த்தால் அதன் நரம்பு, குடல் முதலியவற்றின் அடுக்கு முதுகெலும்பிகளின் அடுக்கை ஒத்துள்ளது என ஜொஃப்ருவா எழுதியபோது அப்பிரிவுகளே கேள்விக்குள்ளாயின.

லோரான்சே, மேரான் என்னும் இரு இளம் ஆய்வாளர்கள், கணவாயின் உடல் பின்னோக்கி மடிந்த முதுகெலும்பியின் உடலை ஒத்துள்ளது எனக் கூறும் கட்டுரை ஒன்றை அறிவியல் கழகத்துக்கு அனுப்பியிருந்தனர். 1830 பிப்ரவரி 15 ஆம் நாள் ஜொஃப்ருவா அதைப் பாராட்டி அறிக்கை அளித்தார். அடுத்த அமர்வில் குவியே வரைபடங்களுடன் வந்து, கணவாயின் உறுப்புகள் அவ்வாறு பொருந்தவில்லை என விரிவாகக் காட்டினார். ஏப்ரல் வரை விவாதம் வாரந்தோறும் நீண்டது. பொதுமக்களும் கேட்க வந்தனர். ஜெர்மானிய அறிஞர் கேத்தே இதை மிகுந்த ஆர்வத்துடன் பின்தொடர்ந்து, ஜொஃப்ருவாவுக்கு ஆதரவாக இரு கட்டுரைகள் எழுதினார். அவற்றுள் இரண்டாவது 1832 இல், கேத்தேயின் வாழ்நாளின் இறுதியில் வெளிவந்தது.

கணவாயைப் பொறுத்தவரை குவியே கூறியதே சரி. அன்று பலரும் குவியே வென்றதாகவே கருதினர். 1832 மே 13 இல் குவியே இறந்தார். சுமார் 37 ஆண்டுகளுக்கு முன் தாமே பாரிசுக்கு அழைத்த நண்பருடன் இறுதிவரை கருத்து வேறுபட்டிருந்தபோதும், அவருடைய இறுதிச் சடங்கில் ஜொஃப்ருவா உரையாற்றினார்.

பிற ஆய்வுகள்

முட்டையிடும் பாலூட்டிகளுக்குரிய வரிசைக்கு மோனோட்ரீம்கள் என 1803 இல் பெயரிட்டவர் ஜொஃப்ருவா. பிளாட்டிப்பஸ் முட்டையிடும் என அவர் நம்பினார். 1884 இல் கால்டுவெல் அதை உறுதிப்படுத்தினார். ஆனால் முட்டையிடும் விலங்குக்குப் பால் இருக்க முடியாது எனக் கருதி, மெக்கெல் கண்டறிந்த பால் சுரப்பிகளை அவர் ஏற்க மறுத்தார். இதில் ஓவன் கூறியதே சரியானது.

எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த முதலைகளைக் கொண்டு, நைல் முதலையில் இருந்து வேறான ஓர் இனம் உண்டு என 1807 இல் ஜொஃப்ருவா எழுதினார். இதைப் பிறர் நெடுங்காலம் ஏற்கவில்லை. 2011 இல் பதப்படுத்தப்பட்ட முதலைகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது அவர் கூறியது சரியெனத் தெரிந்தது.

நார்மண்டியில் கிடைத்த புதைபடிவ முதலைகளை ஆராய்ந்து 1825 இல் தெலியோசாரஸ் என்னும் பேரினத்தை அமைத்தார். இக்கால முதலைகள் அவற்றின் வழித்தோன்றல்களாக இருக்கலாம் என்றும், சூழல் மாறும்போது கருவளர்ச்சியில் ஏற்படும் மாற்றங்களால் புதிய இனங்கள் தோன்றலாம் என்றும் கருதினார்.

எகிப்தின் ஆளுநர் முகம்மது அலி பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லசுக்கு அனுப்பிய ஒட்டகச்சிவிங்கியை, 1827 இல் மார்செய் துறைமுகத்தில் இருந்து பாரிசுக்கு அழைத்து வந்தவரும் ஜொஃப்ருவாவே. 55 வயதில், சுமார் 880 கிலோமீட்டர் தொலைவை அதனுடன் நடந்து கடந்தார். மே 20 இல் புறப்பட்ட பயணம் ஜூன் 30 இல் முடிந்தது.

இறுதிக்காலம்

1840 இல் ஜொஃப்ருவா பார்வையை இழந்தார். சில மாதங்களில் பக்கவாதமும் தாக்கியது. 1841 இல் 48 ஆண்டுகள் வகித்த அருங்காட்சியகப் பதவியில் இருந்து விலகினார். அப்பதவி மகன் இசிதோருக்கு வழங்கப்பட்டது. 1844 ஜூன் 19 இல் பாரிசில் காலமானார். அவருடைய உடல் பெர் லாசேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

பிற்கால மதிப்பீடு

1859 இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் என்னும் நூலில், ஜொஃப்ருவாவின் இணைப்புக் கொள்கையைச் சார்லஸ் டார்வின் எடுத்தாண்டார். விலங்குகள் ஒரே அமைப்பைக் கொண்டிருப்பதற்குக் காரணம் அவை பொது மூதாதையரிடமிருந்து வந்தமையே என்பது டார்வின் தந்த விளக்கம். ஜொஃப்ருவா கண்டது ஒற்றுமையை. அதன் காரணத்தைக் கூறியவர் டார்வின். 1861 இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்த வரலாற்றுக் குறிப்பில், தமக்கு முன்னோடிகளுள் ஒருவராக ஜொஃப்ருவாவை டார்வின் குறிப்பிட்டார்.

மல்லாக்காகத் திருப்பிய இறால் பற்றிய கருத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வேடிக்கையாகவே கருதப்பட்டது. 1990களில் மரபணு ஆய்வுகள் நிலைமையை மாற்றின. பூச்சிகளில் வயிற்றுப்புறத்தை வகுக்கும் மரபணுவும் முதுகெலும்பிகளில் முதுகுப்புறத்தை வகுக்கும் மரபணுவும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை எனத் தெரிந்தது. முதுகெலும்பிகளின் மூதாதையரில் உடலின் மேல்கீழ் தலைகீழானது என்னும் கருத்து இதனால் மீண்டும் வலுப்பெற்றது.

இவர் பெயரிட்ட சில விலங்குகளும் பேரினங்களும்

- பைரெனி டெஸ்மன் (1811)
- கலாகோ பேரினம் (1796)
- ஆஸ்திரேலியாவின் நீரெலிகளுக்குரிய ஹைட்ரோமிஸ் பேரினம் (1804)
- சிலந்திக் குரங்குகளுக்குரிய அட்டெலஸ் பேரினம் (1806)
- இந்தியப் பொய்க் குருதியுண்ணி வௌவால் (1810). இது தமிழ்நாட்டிலும் காணப்படுகிறது.
- கல்லறை வௌவால்களுக்குரிய டஃபோசோஸ் பேரினம் (1818)

இவர் பெயர் தாங்கியவை

- தென் அமெரிக்கக் காட்டுப்பூனையான ஜொஃப்ருவா பூனை
- நடு அமெரிக்காவில் வாழும் ஜொஃப்ருவா சிலந்திக் குரங்கு
- பாரிசில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத் தோட்டத்தை ஒட்டிய ஜொஃப்ருவா சான் இலேர் தெரு
- நாவலாசிரியர் பல்சாக் தம் தந்தை கோரியோ என்னும் நாவலை இவருக்குக் காணிக்கையாக்கினார்.
- பிறந்த ஊரான எத்தாம்பில் இவருக்குச் சிலை உள்ளது.